பதிவு இருக்கிறது, படிக்க வழி இருக்கிறதா?

1860 ஏப்ரல் 9 அன்று பாரிஸில் ஒருவர் பாடிய பாட்டு, 2008 மார்ச்சில்தான் முதன்முதலாகக் காதில் விழுந்தது.

எதுவார்-லெயோன் ஸ்கோத் த மார்த்தன்வீல் என்பவர் பதிவு செய்த பாட்டு அது. அச்சுத்தொழிலில் இருந்தவர். எடிசனின் போனோகிராப் 1877ல் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1857ல், ஒலியைப் பதியும் கருவி ஒன்றுக்கு ஸ்கோத் காப்புரிமை பெற்றுவிட்டார். அமைப்பு எளிமையானது. ஒரு பெரிய புனல். அதன் குறுகிய முனையில் மெல்லிய சவ்வு. சவ்வில் ஒட்டிய விறைப்பான மயிரிழை. விளக்குப் புகையைப் பிடித்துக் கருமையேற்றிய தாளை ஓர் உருளையில் சுற்றிக் கையால் சுழற்ற வேண்டும். புனலுக்குள் பாடினால் சவ்வு அதிரும், மயிரிழை கரியைக் கீறும், தாளில் ஒரு நெளிகோடு விழும். அந்தக் கோட்டைத் திரும்ப ஒலியாக்க வழி கிடையாது. அப்படி ஒரு நோக்கமே அவருக்கு இருக்கவில்லை. பேச்சு தன்னைத்தானே எழுதிக்கொள்ள வேண்டும், அதைக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

பாரிஸில் பத்திரமாக இருந்த அந்தத் தாளை 2008ல் அமெரிக்க ஒலி வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்தார்கள். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் உதவியோடு, நெளிகோட்டின் ஏற்ற இறக்கங்களைக் கணினி ஓர் ஊசியின் அசைவாகக் கருதி ஒலியாக மாற்றியது. நிலவொளியைப் பற்றிய ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் சில நொடிகள் கரகரப்புக்கு நடுவே கேட்டன. குரல் ஒரு சிறுமியுடையதுபோல இருந்தது. செய்தித்தாள்களும் அப்படியே எழுதின.

அடுத்த ஆண்டு விஷயம் மாறியது. உருளையைக் கையால் சுழற்றும்போது வேகம் சீராக இருக்காது என்பது ஸ்கோத்துக்குத் தெரியும். ஆகவே குரலின் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் இன்னொரு கோடாகப் பதித்திருந்தார். இசைக்கவை என்றும் ஒரே அதிர்வெண்ணில் அதிரும். அந்தக் கோட்டை அளவுகோலாக வைத்துக் குரலின் வேகத்தைச் சரிசெய்துவிடலாம். அவர் கணக்கில் அது நொடிக்கு 500 அதிர்வு. ஆனால் அந்நாளைய பிரெஞ்சு வழக்கப்படி கவையின் முனை ஒரு பக்கம் போவது ஓர் அதிர்வு, திரும்பி வருவது இன்னோர் அதிர்வு. இன்றைய கணக்கில் அது 250 மட்டுமே. அதை 500 என்றே எடுத்துக்கொண்டதால் 2008ல் ஒலித்தது இரட்டிப்பு வேகம்! பாதியாகக் குறைத்ததும் சிறுமி மறைந்தாள். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகப் பாடும் ஓர் ஆண் குரல் வந்தது. பெரும்பாலும் அது ஸ்கோத்தின் குரலேதான் என்கிறார்கள்.

தொழில்நுட்பம் நம்மைப் பழமையோடு இணைக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். எப்படி இணைக்கிறது என்று கேட்டால் இந்தத் தாள் நல்ல பதில். முதலில் ஏதோ ஒரு பதிவு பிழைத்திருக்க வேண்டும். அதைப் படிக்க ஒரு வழி வேண்டும். சரியாகப் படிக்கப் பக்கத்தில் ஒரு குறிப்பும் வேண்டும். இந்த மூன்றையும் கணினி வழியாகச் சேர்த்துப் பிடித்து வைக்கும் வேலைக்கு எண்ணிமப் பாதுகாப்பு என்று பெயர். இதில் முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். சிக்கல் பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது.

படமாக இருப்பதும் எழுத்தாக இருப்பதும்

ஒரு பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டால் அது எண்ணிமமாகிவிட்டது என்று நினைக்கிறோம். மனிதக் கண்ணுக்கு ஆகிவிட்டது, சரி. கணினிக்கோ அது வெறும் புள்ளிகளின் குவியல். எது எழுத்து, எது கறை என்று அதற்குத் தெரியாது. ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடினால் கிடைக்காது. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அதில் ஒன்றும் இல்லை.

படத்தை எழுத்தாக மாற்ற முதலில் இருந்த ஒரே வழி உட்கார்ந்து தட்டச்சு செய்வதுதான். 1971ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்தார். குட்டன்பர்க் திட்டம் என்ற பெரிய மின்னூலகம் அந்த ஒரு கோப்பிலிருந்துதான் தொடங்கியது. பின்னர் எழுத்துணரி மென்பொருள்கள் வந்தன. நல்ல அச்சாக இருந்தால் நன்றாகப் படிக்கும். மை பரவிய, மடிப்பு விழுந்த, நூறு வயதுத் தாள் என்றால் தடுமாறும்.

அந்தத் தடுமாற்றத்துக்கு 2007ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆன் குழு கண்டுபிடித்த தீர்வு குறும்புத்தனமானது. இணையத்தில் கணக்குத் தொடங்கும்போது, வளைந்து நெளிந்த எழுத்துகளைக் காட்டி “நீங்கள் மனிதர்தானா?” என்று சோதிப்பார்கள் அல்லவா? ரீகேப்ட்சா என்ற அவர்களுடைய ஏற்பாட்டில் இரண்டு சொற்கள் வரும். ஒன்றின் விடை கணினிக்குத் தெரியும். மற்றொன்று பழைய செய்தித்தாளிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ வெட்டியெடுத்த, எழுத்துணரியால் படிக்க முடியாமல் போன சொல். தெரிந்த சொல்லைச் சரியாக அடித்தவர் மனிதர் என்று முடிவு செய்து, தெரியாத சொல்லுக்கு அவர் தந்த விடையைக் குறித்துக்கொள்வார்கள். பலர் ஒரே விடையைத் தந்தால் அதுவே சொல். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் 1851 முதலான பழைய இதழ்கள் இப்படித்தான் எழுத்தாக மாறின. மின்னஞ்சல் கணக்குத் தொடங்க வந்தவர்கள் பழைய செய்தியைப் படியெடுக்கிறோம் என்று அறியாமலே படியெடுத்தார்கள். சம்பளம் இல்லாமல் வேலை வாங்கினார்கள் என்று ஒரு முணுமுணுப்பும் உண்டு. 2009ல் கூகுள் இதை விலைக்கு வாங்கிய பிறகு அது கொஞ்சம் உரக்கவே கேட்டது. எனக்கு அந்த முணுமுணுப்பில் நியாயம் தெரிகிறது, யோசனையின் அழகும் தெரிகிறது.

தெரிந்தே செய்பவர்களும் இருக்கிறார்கள். 2010ல் தொடங்கிய ‘ஓல்டு வெதர்’ என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் முதல் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் நாட்குறிப்பேடுகளைப் படித்துத் தட்டச்சு செய்தார்கள். கப்பலில் சில மணிக்கு ஒருமுறை காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை எல்லாவற்றையும் கையால் எழுதுவார்கள். எழுதியவர்களுக்கு அது அன்றாடக் கடமை, அவ்வளவுதான். இன்றைய தட்பவெப்ப ஆய்வாளர்களுக்கோ, நடுக்கடலில் நூறு ஆண்டுகளுக்கு முன் வானிலை எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பதிவு செய்தவர் எதிர்பார்க்காத கேள்விக்கும் பதிவு பதில் சொல்லும். தேடக்கூடிய எழுத்தாக மாறினால்தான் அது நடக்கும்.

எழுத்தாக மாற வேண்டும் என்றால் அந்த எழுத்துக்குக் கணினியில் ஓர் இடம் இருக்க வேண்டும். கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று உலகம் முழுவதற்கும் பொதுவாக வகுத்திருக்கும் ஏற்பாடுதான் யூனிகோட். 1991ல் வந்தது. இன்று பேசும் மொழிகளின் எழுத்துகளோடு அது நிற்கவில்லை: பழைய மெசபடோமியாவில் களிமண்ணில் பதித்த ஆப்பெழுத்து 2006லும், எகிப்தியச் சித்திர எழுத்து 2009லும், பிராமி 2010லும் அதில் இடம்பெற்றன. பேச ஆள் இல்லாத ஒரு மொழியின் களிமண் பலகையை இன்று செல்பேசித் திரையில் எழுத்தாகவே காட்டலாம், தேடலாம், ஒப்பிடலாம்.

திறக்காமலே படித்த சுருள்

கி.பி. 79ல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயோடு ஹெர்குலேனியம் என்ற ஊரும் புதைந்தது. அங்கே ஒரு மாளிகையில் இருந்த, பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய சுருள்கள் எரிந்து சாம்பலாகவில்லை. காற்றில்லாத வெப்பத்தில் அப்படியே கரிக்கட்டையாக இறுகிவிட்டன. 1750களில் தோண்டியெடுத்தவர்களில் சிலர் முதலில் அவற்றைக் கரித்துண்டு என்றே நினைத்தார்கள். உள்ளே எழுத்து இருப்பது தெரிந்த பிறகு அந்தோனியோ பியாஜ்ஜோ என்ற பாதிரியார் பட்டு நூலால் இழுத்து மெல்ல மெல்லப் பிரிக்கும் ஒரு பொறியைச் செய்தார். பிரித்தவை பல நொறுங்கின. மீதியைத் தொடாமல் விட்டதுதான் அந்தக் காலத்தவர் நமக்குச் செய்த பேருதவி.

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் பிரென்ட் சீல்ஸ் எடுத்துக்கொண்ட வழி வேறு: சுருளைப் பிரிக்கவே வேண்டாம். மருத்துவமனையில் உடலை எக்ஸ் கதிரால் குறுக்குவெட்டுப் படங்களாக எடுப்பதுபோலச் சுருளை எடுத்துவிடலாம். அந்தப் படங்களில் தாளின் ஒவ்வொரு சுற்றும் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். சுருட்டிய பாயை ஏறி மிதித்ததுபோல அந்தச் சுற்றுகள் நசுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, சில இடங்களில் கிழிந்தும் இருக்கும். ஒரு சுற்று எங்கே போகிறது என்று படம் படமாகத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போக வேண்டும். பிடித்த பரப்பைக் கணக்கின் வழியே தட்டையாக விரிக்க வேண்டும். பிறகு அதன்மேல் மை எங்கே என்று தேட வேண்டும்.

சாக்கடல் கரையில் ஐன் கெடி என்ற இடத்தில், எரிந்துபோன தொழுகைக் கூடம் ஒன்றில் 1970ல் கிடைத்த தோல் சுருளில் இந்த முறை பலித்தது. அதன் மையில் உலோகம் கலந்திருந்ததால் எக்ஸ் கதிரில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. விவிலியத்தின் லேவியராகமத் தொடக்கப் பகுதி அது என்று 2015ல் அறிவித்தார்கள். ஹெர்குலேனியத்தில் மட்டும் மசியவில்லை. அங்கே மை, கரியால் செய்தது; தாளும் கரியாகிவிட்டது. கரிமேல் கரி. எக்ஸ் கதிருக்கு இரண்டும் ஒன்றுதான்.

2023 மார்ச்சில் சீல்ஸும் சில தொழில்நுட்பச் செல்வர்களும் சேர்ந்து ஸ்கேன் தரவு முழுவதையும் பொதுவில் வைத்துப் பரிசுப் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். என்னைக் கேட்டால், எக்ஸ் கதிரைவிட முக்கியமான முடிவு அதுதான். ஒரு பங்கேற்பாளர் அந்தப் படங்களைப் பொறுமையாக வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்து, மை இருக்கும் இடத்தில் மட்டும் காய்ந்த சேறுபோல நுண்ணிய வெடிப்பு தெரிவதைக் கவனித்தார். லூக் ஃபாரிட்டர் என்ற கல்லூரி மாணவர் அந்த வெடிப்பை அடையாளம் காண ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பழக்கினார். 2023 அக்டோபரில் முதல் சொல் வெளிப்பட்டது: ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 பிப்ரவரியில், 2,000 எழுத்துகளுக்கு மேல் படித்துக் காட்டிய மூவர் அணிக்கு 7 லட்சம் டாலர் முதல் பரிசு கிடைத்தது. இன்பம் எதில் இருக்கிறது, அரிதாகக் கிடைப்பது அதிக இன்பம் தருமா என்று பேசும் ஒரு தத்துவ நூலின் பகுதி அது.

அந்த மூவரும் வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள். பழைய சுருள்களை ஆராய்வது மொழியறிஞர்கள் சிலரின் தனிக்கலையாக இருந்தது. தரவைப் பொதுவில் வைத்ததும் நிரல் எழுதத் தெரிந்த யாரும் உள்ளே வரலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் கணினி காட்டிய எழுத்துகளை மெய்யா பொய்யா என்று தீர்மானித்தது பாப்பிரஸ் அறிஞர்களின் குழுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதியது சீக்கிரம் ஊமையாகும்

இதுவரை சொன்னவை நூறு, ஆயிரம் ஆண்டுப் பழமை. நாற்பது ஆண்டுப் பழமை இதைவிடக் கடினம் என்றால் நம்புவீர்களா?

1086ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் தன் நாட்டின் நிலபுலன்களைக் கணக்கெடுத்து எழுதச் செய்தது டூம்ஸ்டே புத்தகம். தோலில் எழுதியது. அதன் 900ஆம் ஆண்டைக் கொண்டாட 1986ல் பிபிசி ஒரு நவீன டூம்ஸ்டே தொகுப்பை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் அனுப்பினார்கள். எல்லாம் இரண்டு லேசர் தட்டுகளில் ஏறின. அவற்றைப் படிக்கத் தனி வகைக் கருவியும் பிபிசி மாஸ்டர் என்ற கணினியும் வேண்டும். இரண்டும் சந்தையிலிருந்து மறைந்தன. 2000க்குப் பிறகு பார்த்தால் 1086ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் படிக்கலாம், 1986ஆம் ஆண்டுத் தட்டைப் படிக்க முடியாது என்ற நிலை. தட்டுகளில் தரவு கெடவில்லை. படிக்கும் கருவி அருகிப்போனதுதான் சிக்கல். லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அந்தப் பழைய கணினியின் செயலை இன்றைய கணினியில் பாவனை செய்துதான் அதை மீட்டன.

நாசாவுக்கும் இதே கதை. 1966லும் 1967லும் ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள், மனிதன் இறங்க இடம் பார்ப்பதற்காக நிலவைப் படமெடுத்தன. படச்சுருளை விண்கலத்திலேயே கழுவி, ஸ்கேன் செய்து, வானொலி அலையில் அனுப்பும் அபாரமான ஏற்பாடு! பூமியில் அவை காந்த நாடாக்களில் பதிவாயின. நாடாவைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற இயந்திரம் குளிர்சாதனப் பெட்டி அளவு இருக்கும். விரைவிலேயே அரிய பொருளாகிவிட்டது. நாடாக்களை அழிக்கவிடாமல் காத்தவர் நான்சி எவன்ஸ் என்ற நாசா ஊழியர். உபயோகமற்றவை என்று ஒதுக்கிய அந்த இயந்திரங்கள் சிலவும் ஆண்டுக்கணக்கில் அவர் வீட்டு வண்டிக் கொட்டகையில் கிடந்தன. கடைசியில் கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகத்துக்குள் சிறிய குழு ஒன்று அவற்றைப் பழுதுபார்த்து ஓட்டியது. 2008 நவம்பரில், நிலவின் விளிம்பில் பூமி தெரியும் 1966ஆம் ஆண்டுப் படம், முன்பு அச்சில் வந்ததைவிடப் பன்மடங்கு தெளிவாக மீண்டது. அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது நேரடியாகப் பதிவான மூல நாடாக்களுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நாடாத் தட்டுப்பாட்டில் அவற்றை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதே நாசாவின் முடிவு.

கருவியே இல்லாதபோது கருவியை மென்பொருளாகச் செய்துகொள்ளலாம். அதற்குத்தான் எமுலேட்டர் என்று பெயர். பழைய சில்லுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் அது என்ன செய்யுமோ, அதையே இன்றைய கணினி கணக்குப் போட்டுச் செய்து காட்டும். பழைய நிரலுக்குத் தான் ஓடுவது உண்மையான இயந்திரத்திலா போலியிலா என்று தெரியாது. கேட்க எளிது. ஆனால் பழைய நிரல்கள் பல, இயந்திரத்தின் குறைகளையும் தாமதங்களையும்கூட நம்பி எழுதப்பட்டவை. அந்தக் குறைகளையும் பிசகாமல் பாவனை செய்தால்தான் விளையாட்டு சரியாக ஓடும், இசை சரியாக ஒலிக்கும். 1997ல் தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களை இப்படிச் சில்லுச் சில்லாக ஆவணப்படுத்தியிருக்கிறது. ஆசைக்காக இரவு கண்விழித்தவர்கள் செய்த வேலை. பெரிய அருங்காட்சியகங்கள் மென்பொருளை வரலாற்றுப் பொருளாக மதிக்கத் தொடங்கியபோது, பாதி வேலையை இந்த ஆர்வலர்கள் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார்கள். பதிப்புரிமைச் சட்டம் இவர்களை இன்னும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறது.

இணையம் எதையும் மறக்காது என்பார்கள். அது கட்டுக்கதை. 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் காணாமல் போய்விட்டதாக பியூ ஆய்வு மையம் 2024ல் கணக்கிட்டது. இணையப் பக்கத்துக்குக் காகிதத்தின் மந்தமான ஆயுள்கூடக் கிடையாது: பரணில் போட்டு மறந்தாலும் காகிதம் கிடக்கும், சர்வர் வாடகை நின்ற மாதமே இணையப் பக்கம் போய்விடும். சாதாரண மக்கள் தங்களுக்கென்று பக்கம் அமைத்துக்கொண்ட ஜியோசிட்டீஸை யாஹூ 2009ல் மூடியபோது, ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு முடிந்தவரை படியெடுத்தது. புரூஸ்டர் கேல் 1996ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு இதை ஒழுங்காகவே செய்துவருகிறது. அதன் வேபேக் மெஷினில் ஒரு முகவரியைக் கொடுத்தால், எந்தெந்த நாளில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று நாட்காட்டியோடு காட்டும். வையவிரிவலை பிறந்த, ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகமே தன் முதல் தளத்தைப் பழைய முகவரியில் திரும்ப ஏற்ற 2013ல் தனியாக ஒரு திட்டம் போட வேண்டியிருந்தது.

சாட்சியா, ஊகமா?

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் ஏற்றுவது இப்போது பெரிய மோகம். செயலியில் படத்தைக் கொடுத்தால் நொடியில் சேலை சிவப்பாகிறது, வானம் நீலமாகிறது. பார்க்கப் பரவசமாகத்தான் இருக்கிறது. அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் வெளிச்சத்தின் அளவைத்தான் பதிந்திருக்கிறது, நிறத்தை அல்ல. அந்த அளவும் நம்பத்தக்கதல்ல: ஆரம்பகாலப் படச்சுருள்கள் பலவற்றுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பு உடை கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீல வானம் வெளுத்துப்போகும். கணினி தான் முன்பு பார்த்த லட்சக்கணக்கான படங்களை வைத்து ஊகிக்கிறது. அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் இல்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஒன்று உண்டு. செர்கே புரோகுதின்-கோர்ஸ்கி என்ற ரஷ்யப் புகைப்படக்காரர் 1909 முதல் சில ஆண்டுகள் ரஷ்யப் பேரரசு முழுவதும் சுற்றிப் படமெடுத்தார். ஒவ்வொரு காட்சியையும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள் வழியே மூன்று முறை எடுப்பார். கண்ணாடித் தகட்டில் விழுவது மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களே. மூன்றையும் அதே மூன்று நிற ஒளியில் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரையில் விழச்செய்தால் உண்மை நிறம் வரும். 1948ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவற்றை வாங்கியது. 2000க்குப் பின் 1,902 தகடுகளையும் கணினியில் ஒன்றுசேர்த்துப் பொதுவில் வைத்தது. அவற்றில் படித்துறையில் தண்ணீர் சற்றே வானவில்போலப் பிரிந்து தெரியும். மூன்று முறை எடுக்கும் இடைவெளியில் தண்ணீர் நகர்ந்துவிட்டது, அதனால்தான். அந்தப் பிசிறே நம்பிக்கை தருகிறது: இங்கே கணினி எதையும் புனையவில்லை, இருந்ததை ஒன்றுசேர்த்தது.

இரண்டும் திரையில் ஒரே மாதிரி அழகாக இருக்கும் என்பதுதான் ஆபத்து. நிறமேற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏற்றிய படத்தின் கீழே ‘கணினியின் ஊகம்’ என்று எழுதி, மூலப்படத்தையும் பக்கத்தில் வைத்தால் போதும். மங்கிய முகத்தைத் ‘தெளிவாக்கும்’ செயலிகளிடம் இன்னும் கவனம் வேண்டும். அவை இல்லாத கண்ணிமையையும் பல்வரிசையையும் வரைந்துவிடும். வருவது பாட்டனாரின் முகமாக இல்லாமல், அவரைப் போன்ற யாரோ ஒருவரின் முகமாகவும் இருக்கலாம்.

எப்படிக் காப்பது

தொழிலறிந்தவர்கள் செய்வது இரண்டு வேலை. ஒன்று, பல இடங்களில் படிகள் வைப்பது. இன்னொன்று, படி கெடாமல் இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் கணக்கில் போட்டு நீளமான ஒரு சரிபார்ப்பு எண்ணை உண்டாக்கி எழுதி வைப்பார்கள். கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் மறுமுறை கணக்கிடும்போது எண் முற்றிலும் வேறாக வரும். அப்போது கெட்ட படியைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல படியிலிருந்து புதிதாக எடுப்பார்கள். கல்வெட்டைப்போல வெட்டிவிட்டு மறந்துவிடும் வசதி எண்ணிமத்துக்கு இல்லை.

நீண்ட காலத்தை எண்ணிச் செய்பவர்கள் பதிவோடு படிக்கும் வழியையும் சேர்த்தே வைக்கிறார்கள். நிரல்களைச் சேமித்துப் பகிர இடம் தரும் கிட்ஹப் நிறுவனம், 2020 பிப்ரவரியில் தன்னிடம் பொதுவில் இருந்த நிரல்களில் பயன்பாட்டில் இருந்தவற்றைப் படியெடுத்து, அதே ஆண்டு ஜூலையில் ஆர்க்டிக் பகுதியின் ஸ்வால்பார்ட் தீவில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் வைத்தது. 186 படச்சுருள்களில் 21 டெராபைட். அவற்றைப் படிப்பது எப்படி என்ற விளக்கம், உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் மனிதரே படிக்கும் எழுத்தில் சேர்ந்திருக்கிறது. 1977ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் உள்ள தங்கமுலாம் தட்டு இன்னும் ஒரு படி மேல். ஊசியையும் கூடவே அனுப்பினார்கள். உறைமேல் தட்டை எப்படிச் சுழற்றுவது என்று படம் வரைந்தார்கள். ஒரு சுற்றுக்கு 3.6 நொடி, ஆனால் நொடி என்றால் என்னவென்று கண்டெடுப்பவருக்குத் தெரியாதே! ஆகவே ஹைட்ரஜன் அணுவில் நிகழும் ஒரு மாற்றத்தின் கால அளவையே அலகாக வைத்தார்கள். ஹைட்ரஜன் எங்கும் ஒன்றுதான்.

சொந்தப் பதிவுகளுக்கு வருவோம். செல்பேசியில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் நாள், நேரம், பெரும்பாலும் இடம்கூட எழுதப்பட்டிருக்கும். ஆனால் செய்திச் செயலிகள் பல, படத்தை அனுப்பும்போது அந்தக் குறிப்பை உதிர்த்துவிட்டு, படத்தையும் சுருக்கிவிடுகின்றன. குழுவில் வந்த படத்தை மட்டும் சேமிப்பவரிடம் மிஞ்சுவது நாளும் ஊரும் இல்லாத, தரம் குறைந்த படி. மூலக் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும். படத்தில் இருப்பவர் யார் என்பதை எந்தக் கேமராவும் தானாக எழுதாது. கோப்பின் பெயரிலோ விவரக்குறிப்பிலோ நாம்தான் எழுத வேண்டும். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே எழுத வேண்டும். கோப்பு வகையில் ஜேபெக், பிடிஎஃப், வெறும் எழுத்துக் கோப்பு போன்று எல்லா மென்பொருளும் திறப்பவை நல்லவை. ஒரே ஒரு நிறுவனத்தின் செயலியில் மட்டும் திறப்பதை நம்பி எதையும் வைக்கக் கூடாது.

இதற்கெல்லாம் மேல் இன்று ஒரு புதிய பூட்டு வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஒருவர் காலமானால் அலமாரியில் கடிதமும் ஆல்பமும் இருக்கும், திறந்தால் போதும். இன்று அவை செல்பேசிக்குள் மறையாக்கத்தில் இருக்கின்றன. கடவுச்சொல் தெரியாவிட்டால் குடும்பத்தாருக்கும் அது வெறும் கண்ணாடிப் பலகை. நிறுவனங்கள் இதற்கு ஏற்பாடுகள் வைத்திருக்கின்றன, பலரும் தொட்டுப் பார்ப்பதில்லை. நெடுநாள் பயன்படுத்தாத கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதியை கூகுள் 2013லிருந்து தருகிறது. இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியையும் 2023ல் அறிவித்தது. ஆகவே இது சும்மா ஒரு வசதி என்று விட்டுவிட முடியாது. பேஸ்புக்கில் 2015 முதலும் ஆப்பிளில் 2021 முதலும் நமக்குப் பின் யார் என்று ஒருவரைக் குறிப்பிடலாம். ஆப்பிளின் ஏற்பாட்டில் பெயரைச் சேர்த்தவுடன் ஓர் அணுகல் குறியீடு உருவாகும். அதைக் குறிப்பிட்டவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். இறப்புச் சான்றிதழோடு அந்தக் குறியீட்டையும் காட்டினால்தான் கணக்கைத் திறந்துவிடுவார்கள்.